சந்திப்பில் இருந்தவர்கள்

"டெஸ் யாரு?" என்று பர்னியில் நிதி ஆலோசனை அலுவலகம் நடத்தும் பெலிண்டா தொலைபேசியில் கேட்டபோது, கடற்கரையில் கைகோர்த்து நடந்துகொண்டிருந்த ஒரு வயதான ஜோடியை நோலீன் திரையிலிருந்து நீக்கிக்கொண்டிருந்தாள்.

நிதி ஆலோசகர்கள் எல்லோருக்கும் வலைத்தளத்தின் முகப்பில் அந்த ஜோடிதான் வேண்டும். வெள்ளைத் தலை, வெள்ளைச் சட்டை, வெறுங்கால். படம் விற்பவர்களிடம் காசு கொடுத்து வாங்குகிற படம். அதே இருவர் டெவன்போர்ட்டில் ஓர் அலுவலகத்தின் வலைத்தளத்திலும், லான்செஸ்டனில் வேறோர் அலுவலகத்தின் தளத்திலும் நடந்துகொண்டிருந்தார்கள். "இந்தக் கரை முழுக்க ஒரே ஒரு புருஷன் பொண்டாட்டிதான் ரிட்டயர் ஆகியிருக்காங்க போல" என்று அவள் கணவன் டெஸ் சொல்வான். அவன் இறந்து ஒரு குளிர்காலம் போய்விட்டது. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவன் சொன்னது நினைவுக்கு வரும். வார்த்தைகள் வரும், குரல் வராது.

"டெஸ்ஸா?" என்றாள் நோலீன்.

"ஆமா. நேத்து என் கிளையண்ட் வின்சம் சாட்டர்டன் வந்திருந்தாங்க. ரூம்ல நானும் அவங்களும் மட்டும்தான். நீங்க போட்டுக் குடுத்த சாஃப்ட்வேர் நோட்ஸ் எழுதியிருக்கு. நல்லாத்தான் எழுதியிருக்கு, குறை சொல்ல மாட்டேன். ஆனா சந்திப்புல இருந்தவங்கன்னு மூணு பேரு போட்டிருக்கு. நானு, வின்சம், டெஸ். எனக்கு டெஸ்னு ஒருத்தரையும் தெரியாது நோலீன். அந்தப் பேர்ல ஒரு நாய்கூடத் தெரியாது."

ஏதோ கோளாறு, பார்த்துச் சொல்கிறேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருடமாக ஆலோசனை அலுவலகங்களுக்கு எந்தக் கருவி வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று சொல்லிப் பிழைக்கிறவளுக்கு அந்த வாக்கியம் தூக்கத்திலும் வரும். அவள் கேட்டது வேறு.

"அவர் என்ன சொன்னார்?"

"யாரு?"

"டெஸ்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு பெலிண்டா படித்தாள். "'அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். என்ன கெட்டுப் போச்சு இப்ப?' இப்படித்தான். ரெண்டு மூணு இடத்துல வருது."

நோலீன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அதுவரை தான் நின்றுகொண்டிருந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

எப்படி நடந்தது என்பது வின்யார்டில் இருக்கும் வீட்டிலிருந்து பர்னிக்குக் கடலோரமாகக் கார் ஓட்டிப் போகும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. புதிய அலுவலகம் எது வந்தாலும் அவள் ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்குவதில்லை. அவளிடம் ஒரு மாதிரி அலுவலகம் இருக்கிறது. பொய்யான வாடிக்கையாளர்கள், பொய்யான கோப்புகள், எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்ப்பதற்காக அவளே உருவாக்கியது. அதை அப்படியே நகல் எடுத்து, பொய்யான பெயர்களை அழித்துவிட்டு, அலுவலகத்தின் பெயரைப் போட்டுக் கொடுத்துவிடுவாள். இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் செய்கிற காரியம்தான். பெயர்களை அழித்திருந்தாள். குரலை அழிக்கவில்லை.

சோதனைக்கு வாடிக்கையாளராக உட்கார்ந்தவன் டெஸ். பேப்பர் மில் மூடிய பிறகு அவனுக்குப் பெரிதாக வேலை இல்லை. சமையலறை மேசையில் அவள் ஆலோசகராக உட்காருவாள், அவன் எதிரே உட்காருவான். ஒரு நாள் விவாகரத்தான பல் மருத்துவன், இன்னொரு நாள் லாட்டரி விழுந்த லாரி ஓட்டுநர். யாராக நடித்தாலும் பதில் மட்டும் மாறாது. உங்கள் முதலீடு ஒரே குளிர்காலத்தில் பாதியாகக் குறைந்தால் என்ன செய்வீர்கள் என்று அவள் படிப்பாள். அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், என்ன கெட்டுப் போச்சு இப்போது என்பான். "பல் டாக்டர் அப்படிப் பேச மாட்டார்டா" என்று அவள் கத்துவாள். "இந்தப் பல் டாக்டர் பேசுவார்" என்பான்.

அந்த மென்பொருள் ஒலியைச் சேமித்து வைப்பதில்லை. குறிப்பு எழுதி முடித்ததும் அழித்துவிடும். அதற்காகத்தான் நோலீன் அதைத் தேர்ந்தெடுத்தாள், ஒவ்வோர் அலுவலகத்திலும் அதைச் சொல்லித்தான் விற்றாள். அது வைத்துக்கொள்வது ஒரு குரலின் அளவுகளை மட்டும், தையற்காரர் உடம்பின் அளவை எழுதி வைத்துக்கொள்வதுபோல. அந்த அளவை வைத்துக் குரலைத் திரும்பக் கேட்க முடியாது. அந்தக் குரல் மறுபடி வந்தால் இன்னாருடையது என்று அடையாளம் காண முடியும், அவ்வளவுதான்.

டெஸ்ஸின் குரல் வேறெங்கும் இல்லை. போனை யாரும் எடுக்காமல் பதிவுக் கருவி பேசினால் அவன் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுவான். வீட்டு வீடியோக்களில் கேமராவுக்குப் பின்னால் நின்றவன் அவன்தான். ஒன்றில் ஓர் இருமல் இருக்கிறது. அவன் இறந்த முதல் மாதத்தில் நோலீன் கண்ணை மூடினால் அவன் கூப்பிடுவது கேட்கும். பிறகு வார்த்தைகள் மட்டும் வந்தன, அச்சில் படிப்பதுபோல. மறந்துகொண்டிருக்கிறோம் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்றிருந்தது.

அவன் ஒருவேளை கதவைத் திறந்து வந்து பேசினால் இது இவன்தான் என்று சொல்ல உலகத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது என்று இன்று காலைதான் தெரிந்தது. காரை நிறுத்திய பிறகும் அவள் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். பயமா என்று யோசித்தாள். பயமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெலிண்டாவின் அலுவலகம் துறைமுகத்தைப் பார்த்த மாடியில். ஜன்னலுக்கு வெளியே கப்பலில் ஏற்றக் குவித்திருந்த மரத்தூள் மலையிலிருந்து காற்றில் தூசி புகையாய் எழும்பிக்கொண்டிருந்தது. பெலிண்டா அப்பாவிடமிருந்து இந்த அலுவலகத்தை வாங்கி நடத்துகிறவள், நாற்பதுகளின் நடுவில் இருப்பவள், நிற்கும்போதே சாப்பிடுகிறவள். கையில் சிப்பிக் கறி அடைத்த, பாதி கடித்த பலகாரத்தோடு கதவைத் திறந்தாள்.

"பேய் ஓட்டுற ஆள் வந்தாச்சு" என்றாள்.

"டெஸ் என் வீட்டுக்காரர்" என்றாள் நோலீன். "சோதனைக்காகக் குரல் குடுத்தவர். என் மாதிரி ஆஃபீஸ்லேருந்து உங்க ஆஃபீஸுக்கு வந்திருக்கு. என் தப்புதான்."

"அட, அவ்வளவுதானா! அப்ப அவர்கிட்ட சொல்லுங்க, என் கிளையண்டுக்கு இலவசமா ஆலோசனை குடுக்க வேணாம்னு."

"போன ஏப்ரல்ல இறந்துட்டார்."

பெலிண்டா பலகாரத்தைத் தட்டில் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். "ஐயோ. நோலீன். நான் வாயை வெச்சுக்கிட்டு…"

"பரவாயில்ல."

"இல்ல, பரவாயில்லாம இல்ல. மன்னிச்சுக்கோங்க." பிறகு, வேலை தெரிந்தவள் என்பதால், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்லியும் விட்டாள். "ஆனா இதை எடுத்தே ஆகணும். வியாழக்கிழமை எங்களுக்கு லைசென்ஸ் குடுக்கற கம்பெனியிலேருந்து ஃபைல் பாக்க வர்றாங்க. மத்தத் தப்பெல்லாம் மன்னிப்பாங்க. நம்ம தொழில்ல செத்தவங்க கணக்குல காசு எடுத்து மாட்டினவங்க இருக்காங்க, அதனால செத்தவங்க பேர் ஃபைல்ல வந்தா மன்னிக்க மாட்டாங்க. அதுவும் செத்தவர் சொன்னதை வெச்சு நான் திட்டம் போட்டேன்னு வந்தா, அப்பா கட்டின ஆஃபீஸ் இது, அப்படியே மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"ஏன் வின்சம் பேசினது டெஸ் பேர்ல வந்துச்சு?"

"அதைத்தானே நான் உங்களைக் கேக்கறேன்?"

பதில் நோலீனுக்குத் தெரியும். தெரியாத குரல் வந்தால், தெரிந்த குரல்களில் ஏதாவது ஒன்று அதற்கு நெருக்கமாக இருந்தால் அந்த மென்பொருள் அந்தப் பெயரைப் போடும்; இல்லையென்றால் அடையாளம் தெரியாத குரல் என்று எழுதும். எதை நீக்க வேண்டும் என்பதும் தெரியும். பெலிண்டாவின் அலுவலகத்தில் இருப்பது மூலத்தின் நிழல் மட்டும். அதைத் தனியாக அழிக்க முடியாது. நோலீனின் சொந்தக் கணக்கில் இருக்கும் மூலத்தை அழித்தால்தான் எல்லா இடத்திலும் அழியும். ஒரு வாடிக்கையாளர் தன் குரலை நீக்கச் சொன்னால் அது எந்த மூலையிலும் ஒட்டியிருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பெலிண்டாவின் வலைத்தளத்தில் அதைப் பற்றி ஒரு பத்தி உண்டு. எழுதியவள் நோலீன். ஒரு சொடுக்கு, உறுதிதானா என்று ஒரு கேள்வி, இன்னொரு சொடுக்கு.

"எங்கேயிருந்து வருதுன்னு பாக்கணும்" என்றாள். "கொஞ்ச நேரம் ஆகும். சந்திப்பு அறையை எனக்குக் குடுங்க."

"எடுத்துக்கோங்க. வின்சம் மதியம் மறுபடி வர்றாங்க. அவங்ககிட்ட நோட்ஸைக் காட்டிச் சரி பண்ணணும். அதுக்குள்ள முடிஞ்சா புண்ணியம்."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நோலீன் கணினியைத் திறந்தாள். முறையாகச் செய்ய வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆலோசகர் கேட்கும் கேள்வியைச் சத்தமாகப் படித்தாள். திரையில் 'ஆலோசகர்' என்று விழுந்தது. பிறகு வாடிக்கையாளராகப் பதில் சொன்னாள். தன் குரலில்தான் சொன்னதாக நினைத்தாள்.

டெஸ், என்று எழுதியது திரை.

அவள் கதவைப் பார்த்தாள். அடுத்த கேள்வியைப் படித்து, பதில் சொன்னாள். டெஸ். அதற்கடுத்தது. டெஸ். பதில் சொல்லும்போது தன் தாடை கொஞ்சம் இறங்குவதும், சொற்கள் ஒரு பக்கமாக வெளியே வருவதும் மூன்றாவது முறைதான் அவளுக்குத் தெரிந்தது. இது எப்போதிலிருந்து? கடையில், வங்கியில், தன் சகோதரியிடம், முடிவு சொல்ல வேண்டி வந்த இடமெல்லாம் தான் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோமா?

கேள்வித்தாளை ஓரமாக வைத்தாள்.

"ஷெட் கதவு இடிக்குது" என்றாள். ஆலோசகர், என்றது திரை. அவள் காத்திருந்தாள். பிறகு அவள் வாய் சொன்னது: "கீலுக்கு எண்ணெய் விடேன். கதவைக் குத்தம் சொல்லாத."

டெஸ்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சு முழுக்க ஏதோ சூடாக நிறைந்தது. ஏப்ரலுக்குப் பிறகு இப்படி இருந்ததில்லை. தோட்டத்தைப் பற்றிக் கேட்டாள். தங்கை மகளின் கல்யாணத்துக்குப் போகட்டுமா என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது, ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அவன் பெயர் வந்தது. இந்தப் பதிவு சரியா என்று மென்பொருள் அவ்வப்போது ஓரத்தில் கேட்டது. சரி, சரி என்று அழுத்திக்கொண்டே போனாள். வெளியே கப்பல் ஒன்று ஊதியது. பகல் வெளிச்சம் அறை முழுக்க இருந்தது, எந்த மூலையிலும் நிழல் இல்லை.

"எண்ணெய் டப்பாவை எங்க வெச்சே?" என்று கேட்டாள்.

வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். திரையில் கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியாத எதுவும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை. வேறு கேள்வி கேட்டாள். அவளுக்கு விடை தெரிந்த கேள்வி.

கதவு தட்டப்பட்டது. வின்சம் சாட்டர்டன் யோலாவில் மாடும் உருளைக்கிழங்குமாக இருக்கும் தன் பண்ணையிலிருந்து வந்திருந்தாள், காலணியில் சிவப்பு மண்ணோடும் கையில் ஒரு பை உருளைக்கிழங்கோடும். எண்பதைத் தாண்டிய மெலிந்த உடம்பு. பின்னாலேயே பெலிண்டா வந்தாள்.

"இவதான் மெஷின்காரியா?" என்றாள் வின்சம். "எங்கேம்மா அந்த ஆளு? என் பக்கத்துல உக்காந்து பேசினான்னு சொல்றாங்க. அழகா இருந்தானா?"

பெலிண்டா நடந்ததைச் சொல்லி, குறிப்பை வாசித்துக் காட்டினாள். வின்சம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இன்னொரு தடவை படி கண்ணு." பெலிண்டா படித்தாள்.

"இது டெஸ் இல்ல" என்றாள் வின்சம். "இது என் வீட்டுக்காரர் மெர்வ்."

"மெர்வ் இறந்துட்டாரே வின்சம்."

"எனக்குத் தெரியாதா? காரியத்துக்கு சாண்ட்விச் வெட்டினதே நான்தானே. ஆனா பேச்சு அவரோடதுதான். பண்ணையைப் பத்தி யாரு கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாரு. இப்ப என்னைக் கேட்டா நானும் அவர் மாதிரியே தொண்டையைத் தாழ்த்திச் சொல்லிடறேன் போல. செத்தும் வாயை மூடல பாரு அந்த மனுஷன்." அவள் நோலீன் பக்கம் திரும்பினாள். "அந்தப் பேரை எடுத்துட்டு மெர்வ்னு போட்டுடு. எனக்கு ஆட்சேபம் இல்ல."

நோலீனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த வாக்கியம் டெஸ்ஸுடையது. இந்தக் கிழவி யார் அதைத் தூக்கி ஓர் உருளைக்கிழங்கு விவசாயிக்குக் கொடுக்க? கோபம் வந்த வேகத்தில் அதன் அபத்தமும் தெரிந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை. இந்தக் கரையில் பிறந்த ஆண்கள் எல்லோரும் ஏறத்தாழ இதையே, இதே மாதிரிதான் சொல்லியிருப்பார்கள் என்ற நினைப்பை அவளால் தாங்க முடியவில்லை.

"அப்படிப் போட முடியாது" என்றாள் பெலிண்டா. பிறகு நாற்காலியை வின்சமின் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "வின்சம், மெர்வ் என்ன சொல்லுவாருங்கறதை விடுங்க. பண்ணையை விக்கறதா வேணாமா? உங்களுக்கு என்ன வேணும்?"

வின்சம் ஜன்னல் பக்கம் பார்த்தாள். மடியில் இருந்த கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

"எனக்கு மாட்டைக் கண்டாலே பிடிக்காது" என்றாள்.

தாழ்த்தாத குரல், கீச்சென்ற மெல்லிய குரல். பெலிண்டாவின் வாய் திறந்தது.

"என்னைக்குமே பிடிச்சதில்ல. அதோட மூச்சு. காலையில எந்திரிச்சதும் அந்த மூச்சு. வித்துடு. கடைக்கு நடந்து போற மாதிரி ஒரு சின்ன வீடு எனக்குப் போதும். பக்கத்து வீட்டு டிவி சத்தம் கேக்கணும்."

சொல்லி முடித்துவிட்டு அவள் வெட்கப்பட்டவள்போலச் சிரித்தாள். நோலீன் தன் எதிரே இருந்த திரையைப் பார்த்தாள். காலையிலிருந்து அதை நிறுத்தவே இல்லை.

டெஸ்: எனக்கு மாட்டைக் கண்டாலே பிடிக்காது.

டெஸ்: என்னைக்குமே பிடிச்சதில்ல.

கீழே வரை அவன் பெயர்தான். நேற்று வின்சம் மெர்வ் மாதிரித் தாழ்த்திப் பேசிய குரலை மட்டும்தான் அது டெஸ் என்றது. இன்று காலை முழுக்க அவள் உட்கார்ந்து தன் குரலையும் டெஸ் என்று அதற்குப் பழக்கிவிட்டிருந்தாள், சரி, சரி என்று அழுத்தி. இனி அந்த அறையில் ஒரு பெண் மனதில் இருப்பதைச் சொன்னால் அது அவன் கணக்கில்தான் போகும்.

"என்ன எழுதியிருக்கு? படி" என்றாள் வின்சம்.

பொய் சொல்லலாம். வின்சம் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து திரை தெரியாது. பெலிண்டா போன பிறகு பெயரைக் கையால் மாற்றிவிடலாம். இந்த ஒரு குறிப்பை மாற்றலாம், அடுத்ததையும் மாற்றலாம், இங்கே, டெவன்போர்ட்டில், அவள் நகல் கொடுத்த ஒவ்வோர் அலுவலகத்திலும் தினம் போய் மாற்றிக்கொண்டிருக்கலாம். அதைச் செய்யக்கூடியவள்தான் தான் என்பது அவளுக்கு அந்த நொடியில் நன்றாகத் தெரிந்தது.

திரையை வின்சம் பக்கம் திருப்பினாள். கிழவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரலை வைத்துப் படித்தாள்.

"இது நான் சொன்னது" என்றாள்.

"தெரியும்."

"இப்பத்தான் சொன்னேன். நானே சொன்னேன் கண்ணு." சிரிப்பு போயிருந்தது. விரல் இன்னும் திரையின் மேல் இருந்தது. "இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அவர்கிட்டகூட."

நோலீன் கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தன் கணக்கைத் திறந்தாள். வாடிக்கையாளர் குரல்கள் என்ற பக்கத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது. நீக்கு என்பதைச் சொடுக்கினாள். இந்தக் குரலை இனி அடையாளம் காண இயலாது, தொடரட்டுமா என்று கேட்டது.

விரலை வைத்தபடி அவள் கண்ணை மூடினாள். கடைசியாக ஒரு தடவை, தன் வாயின் உதவி இல்லாமல், அவன் தன் பெயரைச் சொல்வதைக் கேட்டுவிட வேண்டும். சமையலறையைக் கொண்டுவந்தாள். மேசையை, எதிர் நாற்காலியை, அவன் தேநீரைக் கலக்கும் கையைக் கொண்டுவந்தாள். அவன் வாய் அசைந்தது. ஓர் இருமல் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"இது என்ன, ரொம்ப நேரம் ஆகுமா?" என்றாள் வின்சம்.

"முடிஞ்சது" என்று சொல்லிவிட்டு அழுத்தினாள்.

பக்கம் காலியாயிற்று. பெலிண்டா மூச்சை விட்டாள். வின்சமின் குரலைப் புதிதாகப் பதிந்தார்கள். ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னபோது அவள், படிக்க மாட்டேன், சொந்தமாகவே பேசுகிறேன் என்று மாடுகளைப் பற்றி இன்னும் நாலு வசவு சொன்னாள். திரை அவள் பெயரைச் சரியாகப் போட்டது. பெலிண்டா கை தட்டினாள்.

"இன்னொரு சோதனை இருக்கு" என்றாள் நோலீன். நீக்கிய பிறகு, நீங்கிவிட்டதா என்று பார்க்காமல் எழுந்திருக்கக் கூடாது. யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் அவள் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

தாடையைத் தளர்த்தினாள். "அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்" என்றாள். "என்ன கெட்டுப் போச்சு இப்ப?"

அடையாளம் தெரியாத குரல், என்று விழுந்தது. அதன் கீழே ஒரு காலிப் பெட்டி திறந்து, பெயரைக் கேட்டது.

வின்சம் நிமிர்ந்து பார்த்தாள். அறையைச் சுற்றி ஒரு தடவை கண்ணை ஓட்டிவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"யாரும்மா அது, இப்பப் பேசினது?"

"நான்தான்" என்றாள் நோலீன்.

சொன்ன பிறகுதான், அது எந்தக் குரலில் வந்தது என்று கவனிக்காமல் விட்டுவிட்டது அவளுக்கு உறைத்தது.